தறி ஆடுகிற ஆட்டத்தில் கரண்ட் எடுக்க முடியுமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் நாலு விசைத்தறி வைத்திருக்கிறேன். மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் படலத்தைத் தறியில் ஒட்டினால் அதிர்விலிருந்து கரண்ட் வருமாமே? பில் குறையுமா?

கரண்ட் வரும் அண்ணா. பில் குறையாது.

நானும் கொண்டலாம்பட்டியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன்தான். இப்போது சென்சார் சர்க்யூட் வேலை பார்க்கிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கரண்டை உண்டாக்குவது கடத்தும் பிளாஸ்டிக் இல்லை. அது பிவிடிஎஃப் என்கிற, மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக். தட்டினால் மின்னேற்றம் தரும் அதன் குணத்தை ஜப்பானைச் சேர்ந்த ஹெய்ஜி கவாய் 1969-ல் கண்டுபிடித்தார். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் ஃபுளோரின் பக்கம் எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் நேர்மின். படலத்தை இழுத்து நீட்டி, பலமான மின்புலத்தில் வைத்தால் இவை பெரும்பாலும் ஒரே திசைக்குத் திரும்பிக்கொள்ளும். அப்புறம் தட்டினாலோ மடக்கினாலோ இரண்டு பரப்பிலும் மின்னேற்றம் எழும். படலமே கடத்தியாக இருந்தால் அது உள்ளேயே ஓடித் தீர்ந்துவிடும். நீங்கள் கேட்ட கடத்தும் பிளாஸ்டிக், மேலும் கீழும் பூச்சாக இருந்து அந்த மின்னேற்றத்தை வெளியே எடுக்கிறது. உலோகப் பூச்சு மடங்கி மடங்கி விரிசல் விடும் என்பதால்தான் இதைத் தேடுகிறார்கள். (பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தும் என்று காட்டிய ஷிராகாவா, ஹீகர், மெக்டயார்மிட் மூவருக்கும் 2000-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.)

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு துண்டுப் படலம் 100 மைக்ரோவாட் (ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எரிய 90,000 துண்டு வேண்டும். உங்கள் தறி மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட். மேலே கணக்குப் போடவே தேவையில்லை. வோல்டேஜ் மட்டும் பார்க்க ஆளை அசத்தும்: விரலால் சுண்டினால் ஆசிலோஸ்கோப்பில் (வோல்டேஜைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி) பல வோல்ட் எகிறும், விடும்போது எதிர்ப்பக்கம் இறங்கும். யூடியூப்காரர்கள் காட்டுவது அந்த ஒரு நொடியைத்தான்.

ஆனால் படலத்தை வேறு வேலைக்கு ஒட்டுங்கள் என்பேன். ஊடையை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்து இங்கும் அங்கும் ஓடுகிற நாடா வந்து நிற்கும் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துண்டு ஒட்டினால், நாடா வந்து மோதுகிற ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு வரும். அதை எண்ணினால் எத்தனை ஊடை ஓடியது என்று தெரிந்துவிடும். துடிப்பு தவறினால் மோட்டாரை நிறுத்துகிற மாதிரியும் சர்க்யூட் போடலாம். படலத்துக்குத் தனியாக மின்சாரம் தேவையில்லை, சர்க்யூட்டுக்கு மட்டும் சின்ன சப்ளை போதும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பஞ்சுத்தூசும் எண்ணெயும் படாதபடி படலத்தை மூடி ஒட்டுங்கள். ஒயர் கவசமுள்ளதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மோட்டாரின் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் துடிப்பை விழுங்கிவிடும். எடுத்ததும் படலம் வாங்க வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் பஸ்ஸர் வட்டை வாங்கி ஒரு தறியில் ஒட்டிப் பாருங்கள். அதுவும் தட்டினால் துடிப்பு தரும். ஆனால் அது செராமிக், மடக்கினால் உடையும். தட்டையான இடமாகப் பார்த்து ஒட்டுங்கள்.