தனியாளாகச் சியோலில் ஏழு நாள்: கேட்டதும் சொன்னதும்

தென்கொரியாவுக்கு முதன்முறை, அதுவும் துணையின்றிப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். கட்டணங்கள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எந்த மாதம் போகலாம்? எனக்கு ஜூலையில்தான் விடுமுறை கிடைக்கும்.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே மழைக்காலம், 'ஜாங்மா' என்பார்கள். ஆகஸ்டில் மழை குறைந்தாலும் புழுக்கம் போகாது. ஏப்ரல் முதல் பாதியும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரையும்தான் நடக்க ஏற்ற காலம். ஜூலைதான் என்றால் அருங்காட்சியகங்களைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, மலையேற்றத்தை விட்டுவிடுங்கள். பாறை வழுக்கும். மாதம் எதுவானாலும் சந்திர நாட்காட்டிப்படி வரும் 'சியோல்லால்' (புத்தாண்டு), 'சூசோக்' (அறுவடைத் திருநாள்) இரண்டின் விடுமுறை நாட்களையும் தவிருங்கள். சிறு உணவகங்கள் மூடியிருக்கும், வெளியூர் ரயில்களில் இடம் கிடைக்காது.

விசா எடுக்க வேண்டுமா? கே-ஈடிஏ போதும் என்கிறார் நண்பர்.

நண்பரின் பாஸ்போர்ட் எது என்று கேளுங்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். கே-ஈடிஏ என்பது விசா விலக்கு பெற்ற நாட்டினருக்கான அனுமதி. சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் உள்ளவர்கள் அந்த வகையில் வருவார்கள். அவர்களிலும் சில நாட்டினருக்குத் தற்காலிக விலக்கு உண்டு, பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அரசுத் தளத்தில் கே-ஈடிஏ கட்டணம் 10,000 வொன். அதைப்போல் பல மடங்கு கேட்கும் பக்கத்தில் இருந்தால், நீங்கள் இருப்பது இடைத்தரகர் தளம்.

விசாவில் போகிறவர்கள் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். 2025 பிப்ரவரி முதல் அதை இணையத்திலேயே, இறங்குவதற்கு 3 நாள் முன்பிருந்து நிரப்பலாம். இலவசம். தங்குமிடத்தின் முகவரி கேட்பார்கள் என்பதால் முதல் இரவின் அறையையாவது பதிவு செய்துவிட்டு உட்காருங்கள்.

இரவு 10.40க்கு இஞ்சியோன் விமான நிலையத்தில் இறங்குகிறேன். ரயில் கிடைக்குமா?

கிடைத்தால் அதிர்ஷ்டம். குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்கம் என்று ஒரு மணி நேரம் போய்விடும். விமான நிலைய ரயிலான ஏரெக்ஸ் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். இரண்டு வழி சொல்கிறேன். சியோல் ஸ்டேஷன், கங்னம் பக்கம் போகும் இரவுப் பேருந்துகள் உண்டு, அவை இறக்கிவிடும் இடத்திலிருந்து டாக்சி பிடிக்கலாம். அல்லது விமான நிலையத்துக்கு அருகிலுள்ள உன்சோ ஸ்டேஷன் பக்கம் அன்றிரவு மட்டும் தங்கிவிட்டு, காலையில் ரயிலேறலாம். தனியாக, முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது இரண்டாவது. சியோலின் சிறு விடுதிகள் பலவற்றில் இரவில் ஆள் இருக்கமாட்டார். கதவு எண்ணைச் செய்தியில் அனுப்புவார்கள். இணையம் இல்லாத போனோடு ஒரு மணிக்கு அந்தக் கதவு முன்னால் நிற்க வேண்டாம்.

பகலில் இறங்குகிறவர்களுக்கு: ஏரெக்ஸில் இரண்டு வகை. எக்ஸ்பிரஸ் முதல் முனையத்திலிருந்து சியோல் ஸ்டேஷனுக்கு 43 நிமிடம், நடுவில் நிற்காது. எல்லா நிலையங்களிலும் நிற்பது ஒரு மணி நேரம் எடுக்கும், கட்டணம் எக்ஸ்பிரஸில் பாதிகூட இல்லை. அறை ஹாங்டே பக்கம் என்றால் எக்ஸ்பிரஸில் ஏறவே கூடாது, அது உங்கள் நிலையத்தைத் தாண்டி ஓடிவிடும்.

எந்தப் பகுதியில் தங்கலாம் சேச்சி? தனியாள், பட்ஜெட் நடுத்தரம்.

பகுதியின் பெயரைவிட நிலையத்தின் வாசல் எண்ணைப் பாருங்கள். ஒரு நிலையத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட வாசல்கள் இருக்கும். தப்பான வாசலில் ஏறினால் எட்டு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள். 'நிலையத்திலிருந்து 5 நிமிடம்' என்று போட்டிருந்தால் எந்த வாசலிலிருந்து, அங்கே லிஃப்ட் உண்டா என்று விடுதிக்கு எழுதிக் கேளுங்கள்.

ஹாங்டே: விமான நிலையத்திலிருந்து நேர் ரயில், 2ஆம் எண் தடமும் அங்கேயே. இரவு சத்தம் அதிகம், பிரதான தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி எடுங்கள். ஜோங்னோ, இன்சாடாங்: அரண்மனைகளுக்கு நடந்தே போகலாம், இரவில் அமைதி. ஏழு நாளுக்கு என் தேர்வு இதுதான். மியோங்டாங் வசதி, ஆனால் விலை கூடுதல். சியோல் ஸ்டேஷனை ஒட்டித் தங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: ஏரெக்ஸ் நடைமேடை பூமிக்கடியில் வெகு ஆழத்தில் இருக்கிறது. மெட்ரோவுக்கு மாறவே பெட்டியோடு பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப் அங்கே வேலை செய்யாது என்பது உண்மையா?

இடம் காட்டும், ரயில் பேருந்து ஓரளவு காட்டும். நடைவழியில்தான் கைவிரிக்கும். துல்லியமான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூகுள் கேட்டபோது கொரிய அரசு 2007லும் 2016லும் மறுத்தது, காரணம் பாதுகாப்பு. நேவர் மேப் அல்லது ககாவோ மேப் வைத்துக்கொள்ளுங்கள். நேவரில் ஆங்கிலத்தில் தேடினால் சில கடைகள் சிக்காது. விடுதியின் கொரியப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நகலெடுத்து வையுங்கள், எண்ணைப் போட்டுத் தேடினாலும் இடம் வரும். மெட்ரோவில் எந்தப் பெட்டியில் ஏறினால் மாறும் படிக்கட்டுக்கு அருகே இறங்கலாம் என்பது வரை அது சொல்லும். மொழிபெயர்க்கப் 'பப்பாகோ' செயலி.

டி-மணி, கிளைமேட் கார்டு, எது லாபம்?

டி-மணி என்பது பணம் நிரப்பிப் பயன்படுத்தும் போக்குவரத்து அட்டை. கிளைமேட் கார்டு குறித்த நாட்களுக்கு எத்தனை தடவையும் ஏறிக்கொள்ளும் அனுமதி. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். மெட்ரோ அடிப்படைக் கட்டணம் 2025 ஜூன் 28 முதல் 1,550 வொன். கிளைமேட் கார்டின் 7 நாள் அனுமதி 20,000 வொன், அட்டைக்குத் தனியாக 3,000. ஆக வாரத்தில் 15 பயணம் வந்தால் முதல் திரும்பிவிடும். ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறுகிறவருக்கு இது நிச்சயம் லாபம். அரண்மனைப் பக்கமே தங்கி நடந்தே சுற்றுகிறவருக்கு டி-மணி போதும்.

கிளைமேட் கார்டு எங்கெல்லாம் செல்லாது என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். சிவப்பு நிற நெடுந்தூரப் பேருந்து, ஷின்புண்டாங் தடம், சியோல் எல்லைக்கு வெளியே உள்ள பெரும்பாலான நிலையங்கள், இங்கெல்லாம் செல்லாது. விமான நிலையத்திலிருந்து நகருக்கு ஏறவும் அதை நம்ப வேண்டாம். அதனால் கிளைமேட் கார்டு எடுத்தாலும் டி-மணி ஒன்றும் கையில் இருக்க வேண்டும். டி-மணியை நிரப்பப் பணத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கிரெடிட் கார்டை நீட்டி நிலைய இயந்திரத்தின் முன் தவிப்பவர்களை தினமும் பார்க்கலாம்.

பேருந்தில் இறங்கும்போதும் கார்டைத் தட்ட வேண்டுமாமே, ஏன்?

மாறும் சலுகை அதில்தான் இருக்கிறது. டி-மணியில் இறங்கும்போது தட்டிவிட்டு 30 நிமிடத்துக்குள் (இரவு 9 முதல் காலை 7 வரை ஒரு மணி நேரத்துக்குள்) அடுத்த பேருந்தோ மெட்ரோவோ ஏறினால் புதிதாக அடிப்படைக் கட்டணம் பிடிக்காது, மொத்தத் தூரத்துக்குத்தான் கணக்கு. நான்கு முறை வரை மாறலாம். தட்டாமல் இறங்கினால் சலுகை போச்சு. அதே எண் பேருந்தில் மறுபடி ஏறினாலும் சலுகை கிடையாது. சில்லறை கொடுத்து ஏறலாம் என்று போகாதீர்கள், பணமே வாங்காத பேருந்துகள் இப்போது நிறைய.

மேடம், என் திட்டம்: சனி இரவு வருகை. ஞாயிறு நம்டேமுன் சந்தை, திங்கள் சாங்டியோக்குங் அரண்மனை, செவ்வாய் கியோங்பொக்குங் அரண்மனை, புதன் நம்சான் மலை, வியாழன் புக்சோன் பழைய வீட்டுத் தெருக்களில் மாலை நடை, வெள்ளி அருங்காட்சியகம், சனி காலை திரும்பல். சரியா?

ஆறு நாளில் நான்கு நாள் மூடிய கதவைப் பார்ப்பீர்கள், அல்லது அபராதம் கட்டுவீர்கள்! கியோங்பொக்குங்கும் அரச முன்னோர் கோயிலான ஜோங்மியோவும் செவ்வாய் விடுமுறை. சாங்டியோக்குங், சாங்கியோங்குங், டியோக்சுகுங் மூன்று அரண்மனைகளும் திங்கள் விடுமுறை. நம்டேமுன் சந்தையில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் இருக்காது. புக்சோனில் வீடுகள் நெருங்கிய சிவப்பு மண்டலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காலை 10 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. 2025 மார்ச் முதல் மீறினால் 1,00,000 வொன் அபராதம். மக்கள் குடியிருக்கும் தெரு அது, விதி நியாயமானதுதான். வெள்ளி அருங்காட்சியகம் தப்பில்லை, ஆனால் புதன் இருக்கும்போது வீண்.

இடங்களை மாற்ற வேண்டாம், நாட்களை மாற்றுங்கள்.

ஞாயிறு: டியோக்சுகுங்கில் தொடங்கி, 2005இல் மீட்டெடுத்த சியோங்கியேசியோன் ஓடைக்கரையிலேயே கிழக்கே நடந்தால் குவாங்ஜாங் சந்தை. துணிக்கடைகள் மூடினாலும் உணவுப் பகுதி உண்டு. மாலையில் நக்சான் கோட்டைச் சுவர். 18.6 கிலோமீட்டர் நகரச் சுவரில் இந்த 2 கிலோமீட்டர்தான் மூச்சு வாங்காத பகுதி.

திங்கள்: கியோங்பொக்குங். காவலர் மாற்றம் காலை 10க்கும் மதியம் 2க்கும் நடக்கும், 9.40க்கே குவாங்வாமுன் வாசலில் நில்லுங்கள். நுழைவு 3,000 வொன், கொரிய மரபு உடையான ஹான்போக்கில் போனால் இலவசம். மதியம் புக்சோன், ஐந்துக்கு முன் வெளியேறி இன்சாடாங்.

செவ்வாய்: சாங்டியோக்குங். அதன் பின்தோட்டமான ஹுவோனுக்குத் தனிச் சீட்டு, நேரம் குறித்த நுழைவு. இணைய முன்பதிவு 6 நாள் முன்னதாகக் கொரிய நேரம் காலை 10க்குத் திறக்கும். இலையுதிர்காலத்தில் சட்டென்று தீர்ந்துவிடும். அந்த ஒரு சீட்டை வைத்துத்தான் மற்ற நாட்களை அடுக்க வேண்டும். பக்கத்துக் கதவு வழியே சாங்கியோங்குங் போகலாம்.

புதன்: தேசிய அருங்காட்சியகம் இரவு 9 வரை, நிரந்தரக் கூடம் இலவசம். அதனால் பகலில் நம்சானை முடித்துவிட்டு மாலை நாலுக்கு உள்ளே போங்கள். வியாழன் வெளியூர். வெள்ளியை எதற்கும் ஒதுக்காதீர்கள், மழையில் விட்டுப்போனதும் நம்டேமுன் சந்தையும் அன்றைக்கு.

வெளியூர் என்றால் எங்கே? பூசான் ஒரே நாளில் முடியுமா?

அதிவேக ரயிலில் போக மட்டும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். முடியும், ஆனால் ரயிலைத்தான் பார்த்திருப்பீர்கள். சுவோன் போங்கள். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஹ்வாசியோங் கோட்டை, 1ஆம் எண் தடத்தில் ஒரு மணி நேரம், டி-மணி போதும். வடகொரிய எல்லைப் பகுதியான டிஎம்இசட் போக விரும்பினால் சுற்றுலா நிறுவனம் வழியாகத்தான். அசல் பாஸ்போர்ட் கட்டாயம், திங்கட்கிழமை கிடையாது. நிலவரம் பொறுத்துக் கடைசி நேரத்தில் ரத்தாகும் என்பதால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

சுத்த சைவம். ஒரு வாரம் தாக்குப்பிடிப்பேனா?

பிடிக்கலாம், 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாவிட்டால். 'கோகி' என்றால் அங்கே இறைச்சி. மீன், இறால், ஹாம் அதில் சேராது என்று சமைப்பவர் நினைக்கலாம். கிம்ச்சியில் மீன் சாறும் உப்பிட்ட இறாலும் வழக்கமாக உண்டு. காய்கறி சூப்பின் அடிநீரே நெத்திலியில் கொதித்ததாக இருக்கும். காரக் குழம்பில் அரிசி உருளைகள் போடும் தோக்போக்கியும் அப்படித்தான், கூடவே மீன் கேக் துண்டுகள். ஆகவே இறைச்சி, மீன், இறால், கிளிஞ்சல், மீன் சாறு, இறைச்சி அடிநீர், முட்டை என்று ஒவ்வொன்றாகக் கொரியத்தில் எழுதிய படம் ஒன்றைப் போனில் வையுங்கள்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: இன்சாடாங், ஜோக்யேசா கோயில் பக்கமுள்ள பௌத்த சைவ உணவகங்கள். பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. கோடையில் சோயாப்பால் குளிர் நூடுல்ஸான கோங்குக்சு. காய்கறி கலந்த சோறான பிபிம்பாப்பில் இறைச்சியும் முட்டையும் நீக்கச் சொன்னாலும் சிவப்பு மசாலாவில் இறைச்சி வதக்கிச் சேர்ப்பவர்கள் உண்டு, அதையும் கேளுங்கள். இத்தேவோனில் இந்திய, ஹலால் உணவகங்கள் இருக்கின்றன.

தனியாளை உணவகத்தில் உட்கார விடமாட்டார்களாமே?

சுட்டுத் தின்னும் இறைச்சிக் கடையிலும் பெரிய சட்டிக் குழம்புக் கடையிலும் குறைந்தது இரண்டு பேர் அளவு வாங்கச் சொல்வார்கள். அவமதிப்பு இல்லை, அடுப்பும் துணைக்கறிகளும் அந்தக் கணக்கில். பிபிம்பாப், கல்குக்சு (நூடுல்ஸ் சூப்), கிம்பாப் (கடற்பாசியில் சுற்றிய சோறு) கடைகளில் தனியாளுக்குத் தடையே இல்லை. தனியே சாப்பிடுவதற்கு 'ஹொன்பாப்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தொடுதிரையில் ஆர்டர் செய்யும்போது வெளிநாட்டுக் கார்டு ஏற்கவில்லை என்றால் கவுண்டரில் பணம் கொடுங்கள். டிப்ஸ் வைக்காதீர்கள்.

பணம் எவ்வளவு மாற்றிப் போகலாம்?

கடை, உணவகம் எல்லாம் கார்டில் ஓடும். பணத்தாள் வேண்டியது டி-மணி நிரப்ப, சந்தைக்கு, சில சிறு கடைகளுக்கு. விமான நிலையத்தில் முதல் நாளுக்கு மட்டும் மாற்றிவிட்டு மீதியை மியோங்டாங் மாற்றுக் கடைகளில் மாற்றுங்கள், விகிதம் அங்கே நன்றாக இருக்கும். வரி திரும்பப் பெற 15,000 வொன்னுக்கு மேல் வாங்கும்போது பாஸ்போர்ட் காட்ட வேண்டும்.

பெண் தனியாக இரவில் நடமாடலாமா?

பொதுவாக நடமாடலாம். கூட்டமான தெருக்கள் நள்ளிரவிலும் விழித்திருக்கும். மெட்ரோ நள்ளிரவில் நிற்கும், பிறகு 'N' எழுத்தில் தொடங்கும் இரவுப் பேருந்துகள். டாக்சி அடிப்படை 4,800 வொன். இரவு 10 முதல் 4 வரை 20 சதவீதம் கூடும், அதில் 11 முதல் 2 வரை 40 சதவீதம். தெருவில் கை காட்டுவதைவிடச் செயலியில் அழையுங்கள், வண்டி எண் பதிவாகும்.

தனியாக நடப்பவர்களைக் குறிவைக்கும் ஒரு கூட்டம் உண்டு. ஹாங்டே, மியோங்டாங் பக்கம் இரண்டு பேர் இனிமையாக நெருங்கி வழி கேட்பார்கள், 'மரபுச் சடங்கு பார்க்க வருகிறீர்களா' என்பார்கள். மதக் குழுவுக்கு ஆள் சேர்ப்பது, முடிவில் காணிக்கை கேட்பது அவர்கள் வேலை. பதில் பேசாமல் நடங்கள். போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 119, சுற்றுலா உதவி 1330. கடைசி எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம், ஓட்டுநரிடம் மொழிபெயர்க்கவும் சொல்லலாம்.

தூக்க மாத்திரை எடுத்துப் போகலாமா? பவர் பேங்க்?

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த மருந்து, கவனக்குறைபாட்டுக்கான (ADHD) மருந்துகள் போன்றவற்றுக்குக் கொரிய உணவு மருந்துப் பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்அனுமதி தேவைப்படலாம். மருத்துவர் சீட்டு மட்டும் போதாது. வாரக்கணக்கில் முன்னதாக விண்ணப்பியுங்கள். கஞ்சா சார்ந்த எண்ணெய், மிட்டாய் எதுவும் கூடாது, வாங்கிய நாட்டில் சட்டப்படி சரியானாலும்.

பவர் பேங்க் பெட்டிக்குள் போடக்கூடாது. கொரிய விமானங்களில் 2025 மார்ச் முதல் தலைக்கு மேலுள்ள அறையிலும் வைக்க முடியாது, இருக்கையில் உங்களோடுதான். அதன் அளவு 100 வாட்-மணிக்குள் (Wh) இருக்கட்டும். மின்சாரம் 220 வோல்ட், இரண்டு உருண்டை முள். மூன்று முள் பிளக் நுழையாது, அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் மாலை விமானம். பெட்டியை என்ன செய்வது?

விடுதியிலேயே கேளுங்கள், பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் மெட்ரோ நிலையங்களில் லாக்கர்கள் உண்டு, பெரிய அளவு முதலில் நிரம்பிவிடும், காலை பத்துக்குள் பிடியுங்கள். நிலையப் பெயரோடு எந்த வாசல் பக்கம் என்பதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். டி-மணியில் 20,000 வொன்னுக்குக் கீழ் மீதி இருந்தால் பல கன்வீனியன்ஸ் கடைகளில் 500 வொன் கழித்துத் திருப்பித் தருவார்கள். அதை விமான நிலைய ரயில் ஏறும் முன் செய்துவிடாதீர்கள், அந்தக் கட்டணத்துக்கு அட்டை வேண்டும்.