லேவியராகமத்துலயே நின்னு போறவங்க இயேசுவை பைபிள்ல எங்க தேடுறது?

கடலூர் முதுநகர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "நான் பாண்டிச்சேரி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம், கல்யாணம் ஆகி வந்தது ஏ.எல்.சி. (ஆற்காடு லுத்தரன் சபை) குடும்பம். ஒவ்வொரு ஜனவரியும் ஆதியாகமத்துல ஆரம்பிக்கிறேன், மூணாவது புத்தகம் லேவியராகமம் வந்ததும் நின்னுடுது. வாட்ஸ்அப்ல தினமும் வாக்குத்தத்த வசனம் வருது, படிக்கிறேன். ஆனா இயேசுவை எனக்கு தெரியும்னு மனசார சொல்ல முடியல. அம்மா வீட்டு பைபிளா மாமியார் வீட்டு பைபிளா, எதை எடுத்து எங்க ஆரம்பிக்கிறது?"

சகோதரி, எந்த பைபிள்ங்கிற கேள்விய முதல்ல முடிச்சிடுவோம். உங்களுக்கு தடங்கல் இல்லாம புரியுறது எதுவோ அதை எடுங்க. அம்மா வீட்டுதுல 73 புத்தகம், மாமியார் வீட்டுதுல 66, அந்த வித்தியாசம் பழைய ஏற்பாட்டுலதான், புதிய ஏற்பாட்டு 27 புத்தகமும் ரெண்டுலயும் ஒண்ணுதான். பாண்டி சம்பா கோயில்ல வாசிக்கிற மாற்குவும் உங்க சர்ச்சுல வாசிக்கிற மாற்குவும் வேற வேற இல்ல.

உங்க பிரச்சனை சோம்பேறித்தனம்னு நான் நினைக்கல. வசனத்தை எடுத்ததும் "இன்னிக்கு எனக்கு என்ன இருக்கு"ன்னு பார்த்து பழகிட்டோம், நம்ம எல்லாருமே அப்படித்தான். எரேமியா 29:11 எத்தனை வாக்குத்தத்த கார்டுல வந்திருக்கும்! அது பாபிலோனுக்கு சிறைப்பட்டு போனவங்களுக்கு போன கடிதம், அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருஷம் ஆகும்னு இருக்கு. அந்த 70 வருஷத்தையும் சேர்த்து படிச்சாதான் வாக்கு குடுக்கிற தேவன் எவ்வளவு நீண்ட பொறுமையோட ஜனங்களை நடத்துறார்னு தெரியும். கார்டை தூக்கி போட வேண்டாம், அந்த அதிகாரத்தை முழுசா திறந்து படிங்க, அப்போ கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இவர் எப்படிப்பட்டவர்?

ஆரம்பிக்க மாற்கு நல்லது. 16 அதிகாரம்தான், இயேசுவோட வாழ்க்கையை சொல்ற நாலு சுவிசேஷத்துல சின்னது, ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தா முடிச்சிடலாம், வாய்விட்டு படிச்சா இன்னும் நல்லது. அந்த புத்தகமே உங்க கேள்வியத்தான் கேட்டுட்டு போகுது. 4-ஆம் அதிகாரத்துல படகு முழுக்க தண்ணி ஏறுது, இயேசு பின்பக்கம் தலையணை வச்சு தூங்குறார், எழுந்து ஒரு வார்த்தை சொன்னதும் காத்து நின்னுடுது, சீஷர்கள் பயந்து "இவர் யாரோ?"ங்கிறாங்க. புயல் எச்சரிக்கை கூண்டு ஏத்துற ஊர்ல இருக்கிற உங்களுக்கு அந்த பயத்தை நான் விளக்க வேண்டியதில்ல. கையோட சங்கீதம் 107-ஐ எடுத்து 23-லிருந்து 30 வரைக்கும் படிங்க, அலையை அடக்குறது யார் வேலைன்னு அங்க இருக்கு. 8-ஆம் அதிகாரத்துல அவரே திரும்பி "நீங்க என்னை யார்னு சொல்றீங்க"ன்னு கேட்கிறார். கடைசியில சிலுவைக்கு எதிர்ல நின்ன ரோம நூற்றுக்கு அதிபதி, அவன் வேதம் படிச்சு வளர்ந்தவன்கூட இல்ல, அவர் உயிர் விட்ட விதத்தை பார்த்து "தேவனுடைய குமாரன்"னு சொல்லிடுறான்.

இப்போ நீங்க நின்னு போற லேவியராகமத்துக்கு வருவோம், அது சலிப்பான புத்தகம்னு சொன்னா எனக்கு மனசு வலிக்கும். 13-ஆம் அதிகாரத்துல குஷ்டரோகி "தீட்டு, தீட்டு"ன்னு சத்தம் போட்டுட்டு பாளயத்துக்கு, அதாவது ஜனங்க கூடாரம் போட்டு தங்கியிருந்த இடத்துக்கு, வெளியே தனியா குடியிருக்கணும்னு இருக்கு. இதை மனசுல வச்சுக்கிட்டு மாற்கு 1:40-ல இருந்து படிங்க. ஒரு குஷ்டரோகி வந்து முழங்கால் போடுறான், இயேசு மனதுருகி கையை நீட்டி அவனை தொடுறார். தொட்டவருக்கு தீட்டு ஒட்டல, தொடப்பட்டவன் சுத்தமாயிட்டான். உடனே அவன்கிட்ட, "நீ போய் உன்னை ஆசாரியன்கிட்ட காட்டி மோசே கட்டளையிட்ட காணிக்கையை செலுத்து"ன்னு சொல்றார், அந்த காணிக்கை என்னன்னு லேவியராகமம் 14-ல இருக்கு. அந்த கதை முடியிற 45-ஆம் வசனத்தை அவசரமா தாண்டாதீங்க: சுகமானவன் ஊர் முழுக்க சொல்லிட்டு திரியுறான், இயேசுவால வெளிப்படையா ஊருக்குள்ள வர முடியல, வெளியே வனாந்தரமான இடத்துல தங்குறார். வெளியே இருந்தவன் உள்ளே வந்தாச்சு, அவர் வெளியே போயிட்டார்! அப்படியே எபிரெயர் 13:12-க்கு போங்க, அவர் நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டார்னு எழுதியிருக்கு, அதுக்கு முந்தின வசனம் லேவியராகமம் 16-ல பாளயத்துக்கு வெளியே சுட்டெரிச்ச பலியை சொல்லுது. லேவியராகமம் தெரியலன்னா அவர் எந்த இடத்துல நம்மளுக்காக நின்னார்னே முழுசா தெரியாது.

இது நான் கண்டுபிடிச்ச வழி இல்ல. லூக்கா 24-ல எம்மாவுக்கு நடந்து போன ரெண்டு பேர், எருசலேம்ல இருந்து சுமார் 11 கிலோமீட்டர், கடலூர் பாண்டி தூரத்துல ஏறக்குறைய பாதி, அந்த வழியில உயிர்த்த இயேசு மோசே முதல் எல்லா தீர்க்கதரிசிகளும் தன்னைப்பற்றி எழுதினதை அவங்களுக்கு விவரிச்சார். அதனால முதல்ல சுவிசேஷம், அது எந்த பழைய ஏற்பாட்டு பகுதியை காட்டுதோ அங்க போய் படிச்சுட்டு திரும்பி வர்றது. யோவான் 3:14-ல இருந்து எண்ணாகமம் 21-க்கு, லூக்கா 22-ல இருந்து யாத்திராகமம் 12-க்கு. பக்க ஓரத்துல இல்ல அடியில ஒத்து வாக்கியம் (இதோட தொடர்புள்ள வேற வசனங்களோட எண்) குறிச்சிருந்தா அதுவே வழி காட்டிடும்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. வேதத்தை கரைச்சு குடிச்சவங்களைப் பார்த்தே இயேசு, வேதம் என்னைத்தான் சாட்சி சொல்லுது, ஆனா என்கிட்ட வர உங்களுக்கு மனசில்லன்னு சொன்னார், யோவான் 5-ல 39, 40. அதனால படிச்சு முடிச்சதும் அன்னிக்கு அவரைப்பற்றி தெரிஞ்சதை வச்சே அவர்கிட்ட ரெண்டு வரி பேசுங்க. "ஆண்டவரே, அவனை தொட்டீங்களே, என்னையும் தொடுங்க" அவ்வளவு போதும், நீளமா ஜெபிக்க தெரியணும்னு இல்ல.

தனியாவும் படிக்காதீங்க. அப்போஸ்தலர் 8-ல எத்தியோப்பிய மந்திரி ரதத்துல உட்கார்ந்து ஏசாயா 53 படிச்சுட்டு, ஒருத்தர் சொல்லித்தராம எனக்கு எப்படி புரியும்னு பிலிப்புகிட்ட வெட்கப்படாம கேட்டார். மாமியார் அவங்க பைபிளையும் நீங்க உங்க பைபிளையும் வச்சுக்கிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பகுதியை மாத்தி மாத்தி படிங்க, புரியாத இடத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் உங்க சர்ச் போதகர் ஐயர்கிட்ட கேளுங்க, பாண்டி போனா உங்க பங்கு ஃபாதர்கிட்டயும் கேளுங்க. மாற்கு முடிச்சதும் யோவானுக்கு போங்க, அதை மெதுவா, ஒரு நாளைக்கு பாதி அதிகாரம்னு.