ஜூன்ல காலை வேண்டாம், மதியத்துக்கு மேல இறங்குங்க

சனிக்கிழமை எப்போ விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டின பலகையில கடல்ல போறது) இறங்கலாம்னு கேட்டிருந்தீங்க, பிற்பகல் 2 மணிக்கு மேல வைங்க. ஆப்ல காத்து வேகம் 14 நாட் (கடல்ல வேகத்துக்கான அலகு) காட்டியும் காலை 7 மணிக்குப் புதுச்சேரி கரையில காத்தே இல்லன்னு எழுதியிருந்தீங்க. காத்தோட திசையைக் காட்டுற அம்புக்குறியைப் பார்க்காம எண்ணை மட்டும் பார்த்திருப்பீங்கன்னு நினைக்கிறேன். ஜூன்ல காலையில அடிக்கிறது மேற்குக் காத்து. கட்டடமும் தென்னந்தோப்பும் மறைக்கிறதால கரையோரம் தட்டையா இருக்கும். கொஞ்சம் உள்ளே போனா பிடிச்சுக்கும். விண்ட்சர்ஃபிங் பலகையில இருக்கிறவரை நேரா வங்கக்கடலுக்குள்ள தள்ளுற காத்து அது.

தரை நல்லா சூடானதும் தென்கிழக்கிலிருந்து கடல்காத்து ஏறும். பாய் கைவிட்டாலும் இது கரைப்பக்கம்தான் ஒதுக்கும்.

வெள்ளி இரவு இதைப் பாருங்க:

1. மணிவாரி கணிப்புல காத்து வர்ற திசை மேற்கிலிருந்து தென்கிழக்குக்கு எத்தனை மணிக்குத் திரும்புது? அதுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு இறங்குங்க.
2. இன்காய்ஸ் (INCOIS, கடல் நிலையைக் கணிச்சு எச்சரிக்கிற மத்திய அரசு மையம்) தளத்துல அலை எச்சரிக்கை இருக்கா?

கடல் ஏற்ற வற்றத்துக்காக தேதியை மாத்தாதீங்க, இங்க வித்தியாசம் சுமார் ஒரு மீட்டருக்குள்ளதான். ஆனா ஊருக்குத் தெற்கே சுண்ணாம்பாறு கடல்ல சேர்ற முகத்துவாரம் வேற கதை. வற்றத்துல ஆறு வெளியே இழுக்க, எதிரே காத்து அடிச்சா அலை செங்குத்தா எழும்பும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மோசம். அங்கிருந்து வடக்கே ராக் பீச் வரைக்கும் ஒதுங்கினா பெரும்பாலும் கருங்கல்லுதான், கரையேறுறது கஷ்டம்.

மேற்குக் காத்து பலமா இருக்கிற நாள்ல கடல்காத்து தாமதமாகும், சில நாள் வரவே வராது. மேற்கே இடிமேகம் கட்டினா உடனே கரையேறிடுங்க.