செவிலியர்கள் ஏன் இத்தனை முறை கை கழுவுகிறார்கள்?

ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் செவிலியர் கையைச் சுத்தம் செய்துவிடுகிறார். கையில் அழுக்கே தெரியாதபோது இது எதற்கு?

கையில் ஒட்டிய கிருமி அடுத்தவருக்குப் போகும் முன் அதை நீக்குவதுதான் கைச்சுத்தம். விரலில் ஈர மை பட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கதவுப்பிடி, போன், பேனா என்று தொட்ட இடமெல்லாம் கறையாகும். கிருமியும் அப்படித்தான் பரவும், நிறம் மட்டும் கிடையாது. அதோடு, நோயாளிக்கு ஊசிக்குழாயோ அறுவைக் காயமோ இருக்கும். தோல் என்ற காவல் அங்கே திறந்து கிடக்கிறது. நம் தோலில் சும்மா இருக்கும் கிருமிகூட அந்த வழியாக உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

1847-இல் வியன்னாவில் மருத்துவர் செம்மல்வைஸ், பிரசவ வார்டுக்குள் வருபவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். தாய்மார்களின் மரணம் வெகுவாகக் குறைந்தது. நோய்க்குக் கிருமிதான் காரணம் என்று நிறுவப்படாத காலம் அது!

இன்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், ஊசி, கட்டு போன்ற வேலைக்கு முன், ரத்தம் போன்றவை படக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். கடைசியானதுதான் எளிதில் மறந்துபோகும். கட்டில் கம்பியை யார் கணக்கில் வைப்பார்கள்? சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி ஆகும்.

சரி, கையுறை போட்டால் போதாதா? போதாது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் கையில் கிருமி ஒட்டலாம்.