டிங் லிரன் தப்பு செய்ததால்தானே குகேஷ் ஜெயித்தார்?

கேட்டவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "2024 உலக செஸ் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் அந்தத் தப்பைச் செய்யாமல் இருந்திருந்தால் குகேஷ் உலக சாம்பியன் ஆகியிருக்க முடியாது. வெறும் அதிர்ஷ்டம்தானே இது? அவர் ஆட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது?"

டிங் தப்பு செய்தார், உண்மை. 55ஆவது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்துக்கு இறக்கினார், ஆட்டம் அங்கே முடிந்தது. ஆனால் அந்த 55ஆவது நகர்வு வரை அவரை நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்று ஒரு தடவை யோசித்தீர்களா? நீங்கள் பார்த்தது வாட்ஸப்பில் சுற்றிய அந்த ஒரு நிமிட வீடியோவாகத்தான் இருக்கும். டிங் முகத்தைப் பொத்துகிறார், குகேஷ் அழுகிறார், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்த நான்கு மணி நேரம் அதில் இல்லை.

நான் செஸ் பயிற்சியாளர் இல்லை. குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் தோட்டம், விடியற்காலையில் பால் வெட்டு, பிறகு ஷீட் அடிக்கிற வேலை. என் மகள் செஸ் ஆடுகிறாள். அவளால்தான் நான் இந்த ஆட்டத்தைக் கற்றேன். "ரேட்டிங் இல்லாதவன் உலக சாம்பியனைப் பற்றி எழுதுகிறான்" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ரேட்டிங் (ஆட்டத் திறமையைக் காட்டும் புள்ளி) தேவையில்லை, ஒரு தடவை வாய்ப்பைக் கைவிட்ட அனுபவம் போதும். அந்த அனுபவம் என்னிடம் இருக்கிறது.

2023இல் நடந்தது. நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒருநாள் போட்டி, ஏழு சுற்று, ரேபிட். மகளுக்கு அப்போது 11 வயது. ஒவ்வொரு சுற்றுக்கும் யாருக்கு யார் என்ற பட்டியல் ஒட்டத் தாமதமாகித் தாமதமாகி, கடைசிச் சுற்று தொடங்கும்போதே இருட்டிவிட்டது. வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் பக்கம் நேராக வருகிற கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. அதை விட்டால் தக்கலையில் இறங்கி, வேறு பஸ்ஸுக்கு நின்று, வீடு போய்ச் சேர நடுராத்திரி ஆகும். மறுநாள் நாலு மணிக்கு நான் வெட்டுக்கு இறங்க வேண்டும்.

பெற்றோரை ஹாலுக்குள் விடமாட்டார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். பலகை தெரிந்தது. ஆளுக்கு ஒரு யானை. இவளுக்கு மூன்று சிப்பாய், எதிரே இருந்த பையனுக்கு இரண்டு, எல்லாம் ஒரே பக்கத்தில். செஸ் படித்தவர்களுக்குத் தெரியும், இது புத்தகப்படி டிரா. எனக்கும் அது தெரியும், அந்த வாரம்தான் யூட்டியூபில் பார்த்திருந்தேன். அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கை மணிக்கட்டைத் தட்டிக் காட்டினேன். மணி ஆச்சு என்று.

அவள் ஒரு நகர்வு வைத்தாள், டிரா கேட்டாள், கடிகாரத்தை அழுத்தினாள். அந்தப் பையன் அவள் சொல்லி முடிக்கும் முன்னே கை நீட்டிவிட்டான்.

அப்படிச் சைகை காட்டியது விதிப்படி தப்பு என்று எனக்கு இப்போது தெரியும், அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். அதைவிடப் பெரிய தப்பு எதுவென்று பஸ்ஸில்தான் தெரிந்தது. எங்களுக்குப் பஸ் கிடைத்தது, சீட்டும் கிடைத்தது. வில்லுக்குறி வரை அவள் பேசவில்லை. அதற்கப்புறம் பையிலிருந்து காந்தப் பலகையை எடுத்து மடியில் வைத்து, அந்த நிலையை அப்படியே அடுக்கினாள். பஸ் குலுங்கினாலும் காய் விழாது. "இஞ்ச பாருங்கப்பா. நான் ராஜாவ இப்படிக் கொண்டு வந்தா அவன் ஆனைக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. வேற எங்க வச்சாலும் நான் ஜெயிச்சேன்."

"சரி மக்களே, அவன் அந்த இடத்துல வச்சா டிராதானே?" என்றேன்.

"ஆமா. ஆனா அவன் கண்டுபிடிக்கணும்லா?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவன் கண்டுபிடித்திருக்கலாம், கண்டுபிடிக்காமலும் போயிருக்கலாம். அவன் கண்டுபிடிக்க வேண்டிய வேலையை நான்தான் ஜன்னலுக்கு வெளியே நின்று ரத்து செய்தேன்.

இப்போது 2024 டிசம்பர் 12க்கு வாருங்கள். சிங்கப்பூர், 14ஆவது ஆட்டம், ஆளுக்கு 6.5 புள்ளி. குகேஷுக்குக் கறுப்புக் காய். வெள்ளைக் காயோடு ஆடிய டிங் டிரா ஆனால் போதும் என்கிற மாதிரிதான் ஆடினார். ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு யானை ஒரு மந்திரி (பிஷப்) என்று பலகையைச் சுருக்கினார். மிச்சம் இருந்த சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கத்தில், குகேஷுக்கு ஒன்று கூடுதல். எங்கள் மகளின் ஆட்டம் மாதிரியேதான், ஆளுக்கு ஒரு மந்திரி மட்டும் அதிகம். வர்ணனை செய்தவர்கள் மறுநாள் டைபிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டைபிரேக் என்றால் புள்ளி சமமாக முடிந்தால் ஆடுகிற வேக ஆட்டம். அதில் டிங்தான் பலசாலி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் நம் நேரம் மத்தியானம் இரண்டரைக்குத் தொடங்கியது. நான் ஷீட் காயப்போடும் புரையில் போனை ஒரு ஆணியில் மாட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்த மகள் யூனிஃபார்மோடு அங்கேயே நின்றாள். ஒரு கட்டத்தில் நானே "டிராதான் மக்களே, போய்க் குளி" என்றேன். "குகேஷ் அண்ணன் இன்னும் எழும்பல்லியே" என்றாள். அவள் நகரவில்லை.

குகேஷ் எழும்பவில்லை. ஆபத்தில்லாமல் எவ்வளவு நேரம் ஆடலாமோ அவ்வளவு நேரம் ஆடினார். ராஜாவை முன்னே கொண்டுவந்தார், யானையைச் சுற்றவிட்டார். கடிகாரத்தில் டிங்கிடம் நேரம் குறைவு, குகேஷிடம் தாராளம். டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. அதுவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்து யானைக்கு யானை மாற்றலாம் என்றார். குகேஷ் முதலில் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. பிறகு முகம் மாறியது. உடனே கையை நீட்டாமல், தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு தடவை கணக்குப் போட்டார். யானைகளை வெட்டிவிட்டு மந்திரியை டி5இல் வைத்தார். மூலையில் இருந்த மந்திரிக்கு ஓட வழி இல்லை, மாற்றியே ஆகவேண்டும். மாற்றினால் மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான், அதில் ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் ஜெயம். 58ஆவது நகர்வில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7.5க்கு 6.5.

அதன் பிறகு குகேஷ் செய்ததை யாராவது கவனித்தீர்களா? அழுதுகொண்டே எல்லாக் காய்களையும் பழையபடி அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்தார். என் மகள் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதைச் செய்வாள், அதனால் எனக்கு அது கண்ணில் பட்டது.

அந்தப் போட்டி முழுவதும் இதே பிடிவாதம்தான். முதல் ஆட்டம் தோல்வி, மூன்றாவதில் ஜெயம், பிறகு தொடர்ந்து ஏழு டிரா. அந்த டிராக்களிலும் சும்மா கை குலுக்கவில்லை. ஆறாவது ஆட்டத்தில் நகர்வுகளைத் திரும்பத் திரும்ப ஆடிச் சமன் செய்கிற வாய்ப்பு வந்தபோது, தன் நிலை அவ்வளவு நல்லதாக இல்லாதபோதும் மறுத்துவிட்டு ஆடினார். 11இல் ஜெயித்தார், 12இல் தோற்றார். 12இல் வாங்கிய அடிக்கு மற்றவர்கள் 14ஆவது ஆட்டத்தைப் பத்திரமாக முடித்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள்.

"எப்போதும் பலிக்குமா?" என்று கேட்பீர்கள். பலிக்காது. 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டை நினைத்துப் பாருங்கள். குகேஷுக்கு 16 வயது, இந்தியா 2 அணிக்கு முதல் பலகை, முதல் எட்டு ஆட்டத்தில் எட்டும் ஜெயம். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரொவுக்கு எதிராக நல்ல நிலையில் இருந்து, விடாமல் அழுத்தி, கடைசியில் நேர நெருக்கடியில் குதிரையால் தப்பு செய்து தோற்றார். அவருக்குத் தனிநபர் தங்கம் கிடைத்தது, அணி வெண்கலத்தோடு நின்றது, தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. 2024 டொராண்டோ கேண்டிடேட்ஸில் (உலக சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) ஏழாவது சுற்றில் பிரான்ஸின் ஃபிரூஜாவிடம் தோற்றதும் நேரம் போய்த்தான். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இது தன்னுடைய போட்டி என்ற நம்பிக்கை வந்தது என்று பிறகு அவரே சொன்னார். 14க்கு 9 எடுத்து 17 வயதில் அதை ஜெயித்தார். ஆக, இந்தக் குணம் கொடுக்கவும் செய்யும், எடுக்கவும் செய்யும். கொடுத்ததை மட்டும் அதிர்ஷ்டம் என்று எழுதினால் எடுத்ததை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

2025 நார்வே செஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனோடு நடந்ததும் இதுதான். ஆட்டத்தின் பெரும்பகுதி குகேஷ் பின்தங்கித்தான் இருந்தார். விழாமல் தாங்கினார். நேரம் குறைந்ததும் தவறியது கார்ல்சன். மேஜையைக் குத்தினாரே, அந்த வீடியோவும் உங்களுக்கு வந்திருக்கும். சாம்பியன் ஆன பிறகு குகேஷ் தடுமாறியதும் உண்டு, 2025 டாடா ஸ்டீல் செஸ் போட்டியின் டைபிரேக்கில் பிரக்ஞானந்தாவிடம் தோற்றார். அதை மறைத்து எழுத எனக்கு அவசியம் இல்லை.

இந்தப் பழக்கம் வந்த வழியும் தெரிந்ததுதான். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500 தாண்டும் வரை கணினி எஞ்சினை, அதாவது நிலையைக் கணக்குப் போட்டுச் சொல்கிற செஸ் மென்பொருளை, பக்கத்தில் அண்டவிடவில்லை. எஞ்சின் "சமம்" என்று காட்டினால் நமக்கு ஆட்டம் முடிந்த மாதிரி தோன்றும். அதைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைக்குச் சமம் என்றால் இன்னும் ஆட வேண்டியது இருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், மகனோடு நாடு நாடாகப் போவதற்காகத் தொழிலை நிறுத்தினார். அம்மா சம்பளத்தில் வீடு ஓடியது. 12 வயது 7 மாதம் 17 நாளில் கிராண்ட்மாஸ்டர். மிகச் சின்ன வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் என்று அப்போது கர்யாகினிடம் இருந்த சாதனையை 17 நாளில் தவறவிட்டார். அப்போது அவருக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று யார் வருத்தப்பட்டார்கள்?

கூட வந்து காத்திருக்கிற அப்பா அம்மா எல்லாருக்கும் அமைவதில்லை, இங்கேயிருந்து போய்வருவது இன்னும் கஷ்டம். பெரிய போட்டி எல்லாம் சென்னையில், ஒரு ராத்திரி முழுக்க ரயில். சரி, அது தூரம், ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து ஊர்ப் போட்டிக்கே நேரத்துக்குப் போக முடியவில்லையே, அதுதான் எரிச்சல். போன வருஷம் நாகர்கோவிலில் காலை ஒன்பதரைக்கு முதல் சுற்று. கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகிற லாரி ஒன்று தக்கலைக்கு முன்னால் ரோட்டை அடைத்து நின்றது. அதன் பின்னால் வரிசையாக இன்னும் பத்து லாரி. பைக்கைக்கூட நுழைக்க இடமில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது 20 நிமிஷம் தாமதம், ஆடாமலே எதிராளிக்குப் புள்ளி போய்விட்டது. எங்கள் மலையை உடைத்து, எங்கள் ரோட்டையும் உடைத்து, பள்ளி நேரத்திலும் இந்த லாரிகள் ஓடுகின்றன. பிள்ளைகளை பைக்கில் ஏற்றிப் போகும்போது டயர் பக்கத்தில் உரசுகிறது. கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது, தெரியும். ஆனால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் ஏன் மேலே வரவில்லை என்று இன்னொரு நாள் யாராவது கேட்பீர்கள், அப்போதைக்கு இது இங்கே கிடக்கட்டும்.

எங்கள் வீட்டில் மாறியது ஒன்று உண்டு. இப்போது போட்டிக்கு பஸ்ஸில் போவதில்லை, எவ்வளவு தூரமானாலும் பைக்தான். ஜன்னல் பக்கமும் நான் போவதில்லை, கேட்டுக்கு வெளியே நின்றுகொள்கிறேன். போன மே மாதம் திருநெல்வேலியில் ஒரு ரேட்டிங் போட்டி. மற்ற பிள்ளைகள் எல்லாம் வந்து, சாப்பிட்டு, அடுத்த சுற்றுக்கான பட்டியலும் ஒட்டியாகிவிட்டது, இவள் மட்டும் வரவில்லை. வரும்போது கையில் நோட்டேஷன் தாள், பின்பக்கமும் எழுதி நிறைந்திருந்தது. 84 நகர்வு.

"டிராதாம்ப்பா" என்றாள். "பசிக்கு."

பக்கத்துக் கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.