தட்டுவடை செட் முடியும்வரை ஓடிய புரோகிராம்

'4.77 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரில் எப்படித்தான் புரோகிராம் எழுதினீர்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருந்துதான்.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வாசலில் விட்டுத்தான் ஏசி அறைக்குள் போக வேண்டும். உள்ளே 8088 சிப் போட்ட அந்த 4.77 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர், பெயர் பிசி எக்ஸ்டி. சேமிக்க 360 கேபி பிளாப்பி டிஸ்க். 10,000 வரையுள்ள பகா எண்களுக்கு ஜிடபிள்யூ பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி ஓடவிட்டு, தெருமுனையில் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்த சேலத்துத் தீனி) தின்றுவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

சிப் மட்டும் காரணமில்லை. லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, சுற்றும் ஒவ்வொரு முறையும் பேசிக் அதே வரியை மறுபடி படித்துப் பொருள் பிரிக்கும். மாறியின் (எண்ணைப் போட்டு வைக்கும் பெயரின்) வகையைச் சொல்லாவிட்டால் புள்ளி வைத்த தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். 8088-க்கோ தசமக் கணக்கு நேரடியாகத் தெரியாது. சாப்ட்வேர்தான் துண்டு துண்டாகச் செய்யும். பெயருக்குப் பின்னால் சதவீதக் குறி போட்டால் மாறி முழு எண்ணாகிவிடும், வேகம் கூடும். ஆனால் 32,767-ஐத் தாண்டினால் 'ஓவர்ஃப்ளோ' என்று நின்றுவிடும்! பெரிய லாபம், பகா எண்ணா என்று வகுத்துப் பார்ப்பதை வர்க்கமூலத்தோடு நிறுத்தியதுதான். 9,973-க்கு 99 வரை போதும்.

அப்புறம் கரண்ட் கட். சேவ் செய்யாமல் செட் தின்னப் போய், ஒருநாள் மொத்தமும் போச்சு. அதிலிருந்து முதலில் நோட்டில்தான் எழுதுவேன்.