ஒரு வகுப்பைப் பல கோப்புகளாகப் பிரிக்கலாமா? கேள்வி பதில்

வெள்ளவத்தை: அக்கா, எங்கள் சம்பள மென்பொருளில் ‘ஊழியர்’ வகுப்பு (கிளாஸ், தரவையும் அதைக் கையாளும் நிரலையும் சேர்த்து வைக்கும் அலகு) மட்டும் நாலாயிரம் வரிகள் இருக்கிறது. சி ஷார்ப்பில் எழுதியது. ஒரே வகுப்பைப் பல கோப்புகளில் எழுத விடும் ‘பார்ஷல்’ (partial) என்ற சொல்லைப் போட்டு ஐந்து கோப்புகளாக்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது, தம்பி. ஐந்து கோப்புகளாக்கினாலும் நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலருக்கு அது ஒரே வகுப்புத்தான். ஒரு கோப்பிலுள்ள பிரைவேட் மாறியை (வகுப்புக்கு வெளியே தெரியாத மாறியை) மற்ற நான்கும் தொடலாம். முன்பு நான் வேலை செய்த இடமொன்றில் இப்படித்தான் ஒரு வகுப்பை ஒன்பது கோப்புகளாக்கினோம். ஒரு மாறியின் பெறுமதியை எந்தக் கோப்பு கெடுக்கிறது என்று தேடியே இரண்டு நாட்கள் போயின.

உங்கள் வகுப்பில் ஊழியர் சேமலாப நிதிக் கணிப்பும் இருக்கும், சம்பளச் சீட்டு அச்சிடுவதும் இருக்கும். முன்னது சட்டம் மாறினால் மாறும். பின்னது முதலாளி கேட்டால் மாறும். நிதிக் கணிப்பை முதலில் தனி வகுப்பாக வெளியே எடுங்கள். சம்பளம் 100,000 ரூபா என்று கொடுத்தால் ஊழியர் பங்கு 8,000, தொழில்தருநர் பங்கு 12,000, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3,000 என்று திருப்பித் தர வேண்டும். தரவுத்தளமே இல்லாமல் இதைச் சோதித்துவிடலாம். பார்ஷல் இந்த வசதியை ஒருபோதும் தராது.

கொட்டாஞ்சேனை: அப்படியென்றால் பார்ஷல் எதற்கு?

கருவி எழுதும் நிரலையும் மனிதர் எழுதும் நிரலையும் பிரித்து வைப்பதற்கு. 2005இல் சி ஷார்ப் 2.0உடன் வந்தது. அதற்கு முன், திரையை வரைந்தால் நிரலைத் தானே எழுதும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் டிசைனர் எழுதிய வரிகளும் நம்முடையவையும் ஒரே கோப்பில் கிடந்தன. இப்போது டிசைனர் தன் கோப்பை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் உங்கள் கோப்பில் கை வைக்காது. அருமையான ஏற்பாடு, அந்த வேலைக்கு மனமாரப் பயன்படுத்துங்கள்.

பம்பலப்பிட்டி: பிரித்து எழுதினேன். முதல் கோப்பிலுள்ள மெதட்டே (வகுப்புக்குள் எழுதும் செயற்கூறு) இல்லை என்கிறது கம்பைலர். இரண்டிலும் பார்ஷல் இருக்கிறது.

புதிய கோப்பைத் தனிக் கோப்புறைக்குள் உருவாக்கினீர்களா? விஷுவல் ஸ்டூடியோ கோப்புறையின் பெயரையும் நேம்ஸ்பேஸில், அதாவது வகுப்பின் பெயருக்கு முன்னால் வரும் குழுப் பெயரில், சேர்த்துவிடும். நேம்ஸ்பேஸ் வேறானால் ஒரே பெயரில் இரண்டு வகுப்புகள் பிறந்துவிடும். அதைத் தவறென்று கம்பைலர் சொல்லாது. இரண்டு கோப்புகளின் முதல் வரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாப் பகுதிகளும் ஒரே அசெம்பிளியில் (கம்பைல் செய்தால் கிடைக்கும் ஒரே exe அல்லது dll கோப்பில்) இருப்பதும் கட்டாயம்.

தெஹிவளை: ஜாவாவில் இப்படிப் பிரிக்க முடியுமா, அக்கா?

முடியாது, தங்கச்சி. ஜாவாவில் ஒரு வகுப்பின் உடல் முழுவதும் ஒரே கோப்பில்தான் இருக்க வேண்டும். சி பிளஸ் பிளஸில் வகுப்பின் வரையறை ஹெடரில், அதாவது மற்றக் கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பில், ஒரே இடத்தில் இருக்கும். மெதட்களின் உடல்களை எத்தனை கோப்புகளிலும் எழுதலாம். ஸ்விஃப்டில், இருக்கும் வகுப்புக்கு வேறிடத்திலிருந்து மெதட்களைச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் உண்டு, ஆனால் அதற்குள் மதிப்பைச் சேமிக்கும் மாறி வைக்க முடியாது.

வெள்ளவத்தை: மீண்டும் நான்தான், அக்கா. நிதிக் கணிப்புக்குப் பிறகு எதை வெளியே எடுப்பது?

ஒவ்வொரு மெதட்டும் எந்த மாறிகளைத் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே மாறிகளைத் தொடுபவை கூட்டம் கூட்டமாகத் தெரியும். மிகச் சிறிய கூட்டத்திலிருந்து தொடங்குங்கள்.